மண்ணைத் தேடும் மின்சாரம்

போடிமெட்டுக்கு மேலுள்ள ஏலத் தோட்டங்களில் காய் உலர்த்தும் கூடங்களின் விசிறி மோட்டார்கள் பருவகாலத்தில் இரவெல்லாம் சுழல்வன. மலையின் ஈரத்தில் கம்பியின் காப்பு நைந்தால், மோட்டாரின் இரும்புக் கூட்டில் மின்சாரம் கசிந்து மண்ணைத் தேடும். தொடுபவர் உடலே அதற்கு வழியாகிவிடும்.

மின்கசிவுத் துண்டிப்பான் பார்ப்பது ஒரே கணக்கு: சென்ற மின்சாரம் முழுவதும் திரும்பியதா? உயிர்காக்க வைக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அதைத் தொல்லையென்று கழற்றி எறிவோர் உண்டு. காவற்காரன் கூவினான் என்று அவனையே துரத்துவதற்கு அது ஒப்பாகும்.

மின்பணியாளரை அழையுங்கள். அவர் கிளைகள் அனைத்தையும் பிரித்து, ஒவ்வொன்றாக இணைத்து வரட்டும். எதை இணைத்ததும் கருவி விழுகிறதோ, அங்கே பழுதைத் தேடி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெகர் கொண்டு காப்பை அளக்கட்டும். ஓரிரவு வேலை தடைப்படலாம். ஓர் உயிர் மிஞ்சும்.