மறதியும் மணவாழ்வும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஆற்றிய உரை)



சென்ற கூடுகைகளில் நீரிழிவைப் பற்றியும் காசநோயைப் பற்றியும் மருத்துவர்கள் உங்களுக்கு விளக்கினார்கள். இன்று எங்கள் ஆலோசனை அறைக்கு வரும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கிடையாது, இரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஆனாலும் இதனால் கணவனும் மனைவியும் பிரிவதற்கு ஆயத்தமாகி வந்து நிற்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். மருத்துவர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். நாம் கவனக் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம்.

அது சிறுபிள்ளைகளுக்கு வருவதல்லவா என்று உங்களில் சிலர் எண்ணலாம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் உரையாற்றியதும் பிள்ளைகளைக் குறித்தே. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் கவனக் குறைவுக் கோளாறு என்ற பெயர் ஏறியது. வளர்ந்தால் தீர்ந்துவிடும் என்பதே அப்போது பலருடைய கருத்து. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் பெரியவர்களுக்கென்று தனி அளவு வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டென்று கணக்கிடுகிறார்கள். முந்நூறு பெரியவர்கள் கூடும் சபையில் ஆறேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தம்பதியரைப் பற்றிச் சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். ஒன்பது வயது மகன் வகுப்பில் உட்காருவதில்லை என்று பள்ளியில் சொல்லி, அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துவந்தார்கள். மருத்துவர் பையனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கூட வந்த பாட்டி சிரித்துவிட்டார்கள். "இவன் அப்பனும் இப்படித்தாம். டிபன் பாக்ஸ் எத்தனை தொலைச்சான்னு கணக்கே இல்ல." எல்லாரும் சிரித்தார்கள், மருமகள் மட்டும் அழுதார்கள். அதன்பிறகே அவர்களை எங்களிடம் அனுப்பினார்கள். இந்தக் கோளாறு உயரத்தைப் போலக் குடும்பத்தில் இறங்கி வருவது. பிள்ளைக்காக வந்த இடத்தில் தகப்பனுக்கும் இருப்பது தெரியவருவது எங்களுக்குப் புதிதல்ல.

அந்தக் கணவர் எலக்ட்ரீஷியன். சபையில் அவரைப்போல் உபகாரி இல்லை. அசனம் என்றால் இரண்டு இரவு கண்விழித்து பந்தல், ஜெனரேட்டர், அடுப்பு எல்லாவற்றையும் ஓடியோடிப் பார்ப்பார். ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவர் வீட்டில், கரண்ட் பில் கட்டாமல் இரண்டு தடவை ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதைக்கூட அந்த அம்மா பொறுத்துக்கொண்டார்கள். மகனுடைய பள்ளிக் கட்டணத்துக்காகத் தன் தாயார் போட்ட நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். வட்டி கட்டித் திருப்பி வைக்கவேண்டிய நாள் வந்தது. பணத்தைக் கணவர் கையிலேயே கொடுத்தார்கள். "கட்டியாச்சா?" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் "கட்டிட்டேன்" என்றே பதில். ஏல நோட்டீஸ் பிரிக்கப்படாமல் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தது. சங்கிலி போய்விட்டது.

"இவுகளுக்கு என்மேல மதிப்பு இருந்தா மறப்பாகளா ஐயா? அசனத்தை மறக்கலையே!" என்று எங்களிடம் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினோம்.

கவனம் அவரிடம் நிறையவே இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கடினம். மூளையின் முன்பகுதி அந்த வேலையைப் பார்க்கிறது. டோபமைன் போன்ற இரசாயனங்கள் அங்கே செயல்படும் விதத்தில் இவர்களுக்கு வேறுபாடு உண்டு. புதியது, அவசரமானது, நாலு பேர் பாராட்டுவது என்றால் கவனம் தானாகவே அங்கே ஓடும். அசனத்தில் இந்த மூன்றும் உண்டு. இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் கரண்ட் பில்லில் ஒன்றும் கிடையாது. அடுத்த மாதம் என்பது இவர்களுக்குக் கண்ணுக்கெட்டாத தூரம். கடைசி நாளன்றுதான் அது காலம் ஆகிறது.

திருமணத்தில் ஏன் இது வெடிக்கிறது? அதுவரை தாயார் நினைப்பூட்டிக்கொண்டே இருந்தார்கள். திருமணத்தன்று அந்த வேலை, யாரும் சொல்லாமலே, மருமகளுக்கு மாற்றப்படுகிறது. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் தினமும் இரண்டு மணி நேரம் போனில் பேசிய மாப்பிள்ளை, ஆறு மாதத்தில் சாப்பாட்டு மேசையில் பாதிப் பேச்சில் எழுந்து போகிறார். புதிதாக இருந்தது பழகிவிட்டது என்பதே காரணம். பெண்ணோ தன்மேல் அன்பு போய்விட்டதென்று எடுத்துக்கொள்ளுகிறாள். நினைப்பூட்டுகிறாள், பிறகு அதட்டுகிறாள். நாளடைவில் மனைவி தாயாகவும் கணவன் பிள்ளையாகவும் ஆகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இருவர் தாம்பத்தியம் நடத்துவது எப்படி? அதட்டல் கேட்கும்போது அவருக்குள் பழைய வகுப்பறை எழும்புகிறது. தப்பித்துக்கொள்ள "கட்டிட்டேன்" என்கிறார்.

இந்த இடத்தில் நாங்கள் கண்டிப்பாகவே பேசினோம். மறதி கோளாறினால் வந்தது. பொய் அப்படியல்ல. அதற்குக் கோளாறைச் சாக்காகச் சொல்ல நாங்கள் இடம்கொடுக்கவில்லை. சங்கிலி போனதைவிட மூன்று முறை "கட்டிட்டேன்" என்றதுதான் அந்த அம்மாவை உடைத்தது என்று அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் தலை நிமிரவில்லை.

சேகரத்துப் பெரியவர்கள் இப்படிப்பட்ட பெண்களிடம் "பொறுமையாயிரு, ஜெபம்பண்ணு" என்று சொல்லி அனுப்புவதுண்டு. ஜெபம் வேண்டும். ஆனால் பதினோரு வருடமாக இரண்டு பேருடைய நினைவைச் சுமக்கிறவளுக்கு இன்னும் பொறுமையைக் கொடுப்பது, தண்ணீர்க் குடத்தின்மேல் இன்னொரு குடம் ஏற்றுவதைப் போலத்தான். இந்தக் கோளாறு மனைவிக்கு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆண் மறந்தால் வேலை அதிகம் என்பார்கள். பெண் மறந்தால் வீடு நடத்தத் தெரியாதவள் என்று தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். பெண்களிடம் ஓட்டமும் துள்ளலும் குறைவாகவும் மனம் சிதறுவது அதிகமாகவும் இருக்கும். அதனால் பள்ளிப் பருவத்தில் யாரும் கவனிப்பதில்லை.

மறக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, குடி இவையெல்லாம் மறதியைக் கொடுக்கும். மருத்துவர் முதலில் அவற்றைத்தான் விலக்கிப் பார்க்கிறார். வேலையிடத்திலும் வீட்டிலும், இரண்டிலும் பாதிப்பு உண்டா என்று கேட்கிறார். மனைவியை அடிக்கிறவருக்கு இந்தப் பெயரைக் கொடுத்துக் காப்பாற்ற முடியாது.

அந்தச் சகோதரருக்கு இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்து மெதில்ஃபெனிடேட் தொடங்கினார்கள். அது அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. பசியையும் தூக்கத்தையும் குறைக்கக்கூடும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்ஸிடின் என்ற மருந்து உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆனால் மாத்திரை கணவருக்குத்தான். மனைவியின் பதினோரு வருடக் களைப்புக்கு மாத்திரை இல்லை. ஒரு மாலை முழுவதும் அந்த அம்மாவைப் பேசவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்கும்படி அவரை உட்காரவைத்தோம். அவருக்கு அது பெரிய பாடு.

பிறகு வீட்டுக் காரியங்களைப் பிரித்தார்கள். கரண்ட் பில் வங்கியிலிருந்து தானாகவே போகிறது. நினைப்பூட்டுவது இனி மனைவியின் வேலையல்ல, செல்போன் அலாரத்தின் வேலை. காலைச் சமையலும் மகனைப் பள்ளியில் விடுவதும் அவர் பொறுப்பு; மணியடித்தால் ஓடவேண்டிய வேலைகள் அவருக்கு நன்றாக வருகின்றன. சனிக்கிழமை இரவு அரை மணி நேரம் நோட்டுப் புத்தகத்தோடு இருவரும் உட்காருகிறார்கள். ஒரு சங்கிலிக்காகச் சீட்டும் சேர்ந்திருக்கிறார். இன்னும் சண்டை வருகிறது. தெரியாததைத் "தெரியல, பார்க்கிறேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறார் என்று அந்த அம்மா சொன்னார்கள்.

உங்கள் சபைகளில் இப்படித் தவிக்கிறவர்கள் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வரட்டும். தாயார் உயிரோடிருந்தால் அவர்களும் வரட்டும். பழைய பள்ளி முன்னேற்ற அறிக்கை டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் போதாது" என்று ஏதாவது ஒரு வாத்தியார் அதில் எழுதியிருந்தால், மருத்துவர் அதை முதலில் வாசிப்பார்.