பதிவேடும் பட்டியலும்



2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தால் ஊராட்சிகள் பலவற்றில் நூலகங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றை நான் பார்வையிட்டபோது, மாட்டின் மடிநோய் பற்றிய நூல் வேண்டுமென ஒரு விவசாயி வந்தார். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். நூல்கள் வந்த தேதி வரிசையில் எழுதப்பட்டிருந்தன, தேடியது அகப்படவில்லை. மறுவாரம் அந்நூல் சமையற்கலை நூல்களுக்கிடையே கிடைத்தது. அதற்குள் அவர் பசுவின் காம்பொன்று பால் வற்றிப் போயிற்று. (கால்நடை மருத்துவரை நாடுவதே முதற்கடன் என்பது வேறு.)

பதிவேடு தணிக்கைக்கு உதவும். தேடுவோருக்கு வேண்டுவது பட்டியல். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934இலேயே பட்டியல் விதிகளைத் தனி நூலாக வெளியிட்டார். ஆசிரியர், தலைப்பு, பொருள் என எவ்வழியில் தேடினும் நூல் கிட்டவேண்டும். அட்டையாயினும் கணிப்பொறியாயினும் இதுவே முறை. தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்தைப் பின்னால் இட்டு, ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’ என்று எழுதுக. டியூயி பகுப்பில் வேளாண்மைக்கு 630, கால்நடைக்கு 636. இவ்வெண்ணை நூலின் முதுகில் ஒட்டினால் ஓரினத்து நூல்கள் ஓரிடம் சேரும்.

இதற்கு ஆகும் செலவு சிறிதே. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.