உங்க ஆயாவோட அம்மா பேரு என்ன?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

தாய்மை பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கேள்வி. உங்க ஆயா பேரு தெரிஞ்சவங்க கை தூக்குங்க. முக்காவாசிப் பேர் தூக்கிட்டீங்க. சரி, ஆயாவோட அம்மா பேரு? பாருங்க, நாலஞ்சு கைதான். என் கையும் கீழதான் இருக்கு.

எங்க வீட்டுல ஆம்பளைங்க பேரை நாலு தலைமுறைக்குச் சொல்லுவாங்க. பட்டாவுல இருக்கு, சாமி கும்பிடும்போதும் சொல்றாங்க. பொம்பளைங்க வேற ஊர்ல பொறந்து இங்க வாக்கப்பட்டு வந்தவங்க. அவங்க பேரு எந்தக் காகிதத்துலயும் ஏறலை.

எங்க அம்மாவைப் பெத்த ஆயாவுக்கு ஏழு புள்ளைங்க. நாங்க பார்த்தது மூணு பேரைத்தான். ஆனா யார் கேட்டாலும் ஆயா "ஏழு"ன்னுதான் சொல்லுவாங்க. ஆயாவுக்கு எண்ணத் தெரியலைன்னு சின்ன வயசுல நான் சிரிச்சிருக்கேன். எனக்கு ரெண்டாவது கர்ப்பம் கலைஞ்சப்பதான் அந்தக் கணக்கு புரிஞ்சது. இப்ப என்னை யாராவது கேட்டா "ரெண்டு"ன்னு சொல்றேன். மனசுக்குள்ள மூணுன்னு சொல்லிக்கிறேன்.

ஆயாவோட அம்மா பிரசவத்துல போயிட்டாங்க. மூங்கில் கழியில துணி கட்டி, டோலியில வைச்சு, போளூர் பக்கம் எறங்கினாங்களாம். பாதி வழியிலயே திரும்பிட்டாங்களாம். ஆயாவுக்கு அப்ப நாலு வயசு. "அவங்க பேரு என்ன ஆயா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "அம்மான்னுதான் கூப்பிட்டேன். வேற பேரு எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க.

எங்க அம்மாவுக்கு 14 வயசுல கல்யாணம், 15 வயசுல நான். என்னை ஆறாவதோட நிறுத்தினாங்க. தம்பிக்கு ரெண்டு வயசு, தங்கச்சி கைக்குழந்தை, அம்மா சாமைக் காட்டுக்குக் களை எடுக்கப் போகணும். புள்ளை பெறுறதுக்கு முன்னாடியே நான் தாய் ஆயிட்டேன். அந்தக் கோவம் எனக்கு 20 வருஷத்துக்கு மேல இருந்தது. குழுவுல சேர்ந்து அம்மா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்ட அன்னைக்கு, என்னைப் பார்த்து, "உன்னை நிறுத்தினது தப்புதாம்மா. அப்ப எனக்கு 26 வயசு, மூணு புள்ளைங்க. எனக்கு வேற வழி தெரியலை"ன்னு சொன்னாங்க. இப்ப எனக்கு 38. அன்னைக்கு எங்க அம்மா என்னைவிடச் சின்னப் பொண்ணு. அதை நெனச்சப்ப கோவம் போயிடுச்சு.

போன தை மாசம் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பன்னெண்டாவது படிக்கிறா, 17 வயசு. "நல்ல இடம், சொந்தம், விட்டுடாதே"ன்னாங்க. பொய் சொல்ல மாட்டேன், நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். கொழுந்தனார், "இது நம்ம வழக்கம்தானே"ன்னார். எனக்கு ஆயாவோட ஏழு ஞாபகம் வந்தது. "இந்த வழக்கத்துல எத்தனை புள்ளைங்க மண்ணுக்குள்ள போச்சு, எத்தனை தாய் டோலியில போனாங்கன்னு அதையும் எண்ணிச் சொல்லுங்க"ன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் நம்ம குழுவுல இருந்து அஞ்சு பேர் வந்து திண்ணையில உட்கார்ந்தாங்க. சண்டை போடலை. 2006-ஆம் வருஷச் சட்டப்படி பொண்ணுக்கு 18 ஆகணும், இல்லைன்னா 1098-க்குப் போன் போகும்னு பொறுமையா சொன்னாங்க. சம்பந்தம் நின்னது. கொழுந்தனார் வீட்டுல இன்னும் எங்களோட பேசறதில்லை. அந்த வருத்தம் இருக்கு. ஆனா மகள் பள்ளிக்கூடம் போறா.

இன்னைக்கு 108 இருக்கு. கர்ப்பம்னு தெரிஞ்சதும் நர்சம்மா பதிவு பண்றாங்க. முத்துலட்சுமி ரெட்டி பேர்ல மகப்பேறு நிதி 18,000 ரூபாய் இருக்கு. நம்ம மலையில புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2023 நவம்பர்ல, பிரசவமாகி ரெண்டே நாள்ல சென்னை போய்த் தேர்வு எழுதினாங்க. 23 வயசுல சிவில் நீதிபதியா தேர்வானாங்க. பச்சை உடம்போட எல்லாரும் பரீட்சை எழுதணும்னு நான் சொல்லலை. அந்தப் பொண்ணைப் பெத்தவங்க படிக்க வைச்சாங்க, கட்டினவரும் தடுக்கலை. அதை நாம பார்க்கணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். சேமிப்பு, சந்தா, உள்கடன் எல்லாம் நாம கணக்கு எழுதறோம். அடுத்த கூட்டத்துல தீர்மான நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒவ்வொருத்தரும் அம்மா, ஆயா, ஆயாவோட அம்மா பேரை எழுதுவோம். எத்தனை வயசுல கல்யாணம், பெத்தது எத்தனை, பொழைச்சது எத்தனைன்னும் எழுதுவோம். எழுதத் தெரியாதவங்க சொல்லட்டும், பக்கத்துல இருக்கிறவங்க எழுதட்டும். நாளைக்கு யார் வீட்டுலயாவது "வழக்கம்"னு சொன்னா, அந்தப் பக்கத்தைப் பிரிச்சு நீட்டலாம்.

பேரு தெரியலைன்னா இடத்தை விட்டுடாதீங்க. "பேர் தெரியாது, பிரசவத்தில் இறந்தார்"னு எழுதுங்க. நான் அப்படித்தான் எழுதப் போறேன்.