ரெகக்னைஸ் பண்ணவர் ரெகக்னைஸ் பண்ணல

இந்த வாரம் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்தான்: ரெகக்னைஸ். இதை எடுக்கக் காரணம் எங்க ஆபீஸ் லிஃப்ட்.

போன மாசம் எனக்கு ஒரு அவார்டு வந்தது. மெயில்லதான். என் உழைப்பை ரெகக்னைஸ் பண்றதா எழுதி, கீழே பெரிய அதிகாரி ஒருத்தரோட கையெழுத்து. அம்மாவுக்கு ஃபார்வர்டு பண்ணேன், ஸ்டேட்டஸும் வச்சேன். மூணாம் நாள் லிஃப்ட்ல அவரும் நானும் மட்டும். "குட் மார்னிங் சார்"னேன். தோள்ல இருந்த பையை ஒரு பார்வை பார்த்துட்டு, "லேப்டாப் சர்வீஸா? மூணாவது மாடி"ன்னார்.

ரெகக்னைஸ் பண்ணவர் ரெகக்னைஸ் பண்ணல. இங்கிலீஷ்ல இது ஜோக். தமிழ்ல சொன்னா ஜோக் செத்துடும். ஏன்னா நமக்கு அது ரெண்டு வேற வினை. பாராட்டினவருக்கு அடையாளம் தெரியல, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லோட வேர் லத்தீன். மறுபடியும் அறிவது என்று பொருள். ஏற்கெனவே பார்த்த முகத்தைத் திரும்பப் பார்க்கும்போது மண்டைக்குள்ள ஒரு மணி அடிக்குதே, அது. சிலருக்கு அந்த மணி அடிக்கவே அடிக்காது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அப்படித்தான். தாடிக்காரர் ஒருத்தர்மேல மோதப் பார்த்தோமேன்னு மன்னிப்பு கேட்டுட்டு, அப்புறம்தான் அது கண்ணாடியில் தெரிஞ்ச தன் உருவம்னு புரிஞ்சதாம். அவரே எழுதியிருக்கார். எங்க சாருக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். அதனால அவரை முழுசா திட்டல.

ஆனா இந்தச் சொல் நாடுகளுக்கு நடுவுல போகும்போது விஷயமே மாறிடுது. வங்கதேசத்தை இந்தியா 1971 டிசம்பர் 6 அன்று அங்கீகரித்தது. பாகிஸ்தான் அங்கீகரித்தது 1974 பிப்ரவரியில். நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல. அப்படி ஒரு நாடு இருக்குன்னு பாகிஸ்தானுக்குத் தெரியாதா? டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைந்ததே அவங்க படைதான். தெரியும். தெரிஞ்சதை வாய்விட்டு ஒத்துக்கிறதுக்குத்தான் அவ்வளவு நாள். மறுபடி அறிய அங்கே எதுவுமே இல்லை.

நம்ம ஊர்லயும் இருக்கு. திருநர்களை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014-ல். அதுக்கு முன்னாடி அவங்களை யாரும் பார்த்ததே இல்லையா என்ன? தினமும் தெருவுல பார்த்தோம். பல விண்ணப்பங்கள்ல கட்டம் மட்டும் இல்லை.

இன்னொரு அர்த்தமும் இருக்கு, அது ஆட்குறைப்பு மெயில்ல வரும். இது உங்களுக்குக் கஷ்டமான நேரம்னு நாங்க ரெகக்னைஸ் பண்றோம்பாங்க. அதைப்போய் 'அங்கீகரிக்கிறோம்'னு மொழிபெயர்த்தா, நம்ம கஷ்டத்துக்கு அப்ரூவல் கொடுத்த மாதிரி ஆயிடும். அங்கே 'உணர்கிறோம்' போதும். உணர்றாங்களாங்கிறது வேற கதை.

சரி, இதுல நிறைய அர்த்தத்தை ஒண்ணா சுமக்கிற தமிழ்ச் சொல்லே இல்லையான்னு யோசிச்சேன். பேச்சுத் தமிழ்ல இருக்கு: கண்டுக்கிறது. எழுத்துல 'கண்டுகொள்' என்றால் அடையாளம் தெரிந்துகொள்வது. பேச்சுல அது மதிக்கிறது, பொருட்படுத்துறது. வேடிக்கை என்னன்னா, இதை நாம பெரும்பாலும் எதிர்மறையாத்தான் சொல்றோம். "கல்யாணத்துல என்னைக் கண்டுக்கவே இல்ல." "ரோட்ல பள்ளம், யாரும் கண்டுக்கல." பார்க்கலைன்னு யாரும் சொல்றதில்ல பாருங்க. பார்த்தாங்க, கண்டுக்கல. அந்த வலி 'அங்கீகாரம்'ங்கிற சொல்லுக்குள்ள அடங்காது.

நேத்து மறுபடியும் அதே லிஃப்ட், அதே சார். நான் வாயே திறக்கல. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சிரிச்சார். அப்புறம் அவரே கையை நீட்டி, எனக்காக மூணாம் நம்பரை அமுக்கினார்.