கண்ணாடி கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்ததா?

(செனாயில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடை ஏறியதும் உலக விவகாரத்தில் தொடங்குவது நம் கூட்டங்களில் வழக்கம். நான் ஊசியில் நூல் கோப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெரியம்மா ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். ஐம்பது வயதை நெருங்கும்போது அவருடைய நிரையில் மரங்களுக்குக் காயம் விழத் தொடங்கிற்று. கங்காணி சத்தம் போட்டார். பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் கிராணி ஏசினார். கடைசியில் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். கைக்கு வந்த சம்பளமும் குறைந்தது. "கை தளர்ந்து போச்சு" என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். அந்தக் கைதான் வீட்டில் அம்மி அரைத்தது, விறகு பிளந்தது. ஊசி கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். கோளாறு கண்ணில் இருக்கிறது என்று லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும் வருவது இது. பெரியவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள், சாளேசுரம் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லை இளமையில் மிருதுவாக இருக்கிறது. கிட்டப் பார்க்கும்போது தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. வயது ஏற ஏற அது இறுகிப் போகிறது. தூரத்து மரம் நன்றாகத் தெரியும். கையில் இருக்கும் பொருள் மங்கும். இது நோயன்று. மருந்தில்லை, பத்தியமில்லை. ஒன்றிலிருந்து மூன்று வரை எண் போட்ட சாதாரணக் கண்ணாடி போதும். கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெடும் என்று சொல்வது வீண் பேச்சு. போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகத்தான் செய்யும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கிட்டப்பார்வைக் கண்ணாடி கிடைக்காமல் அவதிப்படுவோர் 82 கோடிக்கு மேல். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் இதற்கென்றே ஒரு திட்டத்தையும் தொடங்கியது. இனி அரசாங்கமும் தொண்டர்களும் நிர்வாகங்களும் தோட்டத்துக்குக் கண்ணாடிப் பெட்டி தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். வந்து போன பிறகு அந்தத் திட்டம் பலித்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பேசத்தான் இன்று நான் வந்தேன்.

சில காலத்துக்கு முன் ஒரு முகாமை நான் நேரில் பார்த்தேன். மாலை, படம், பேச்சு எல்லாம் நடந்தன. இத்தனை பேருக்குக் கண்ணாடி வழங்கினோம் என்று அறிக்கையும் வந்தது. மூன்று மாதம் கழித்து லயத்துப் பக்கம் போனேன். ஒரு வீட்டில் சாமி படத்தின் முன்னே கண்ணாடி உறையோடு பத்திரமாக இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே தம்பி" என்றார் அந்த அம்மாள்.

பாருங்கள், பெயரே தடையாகிவிட்டது! படிக்கும் கண்ணாடி என்று சொல்லிக் கொடுத்தால், படிக்காதவர் அதை எதற்கு மூக்கில் வைப்பார்?

பால் வெட்டு எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண் டாக்டர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில்தான். மேலோடு சீவினால் மங்கில் பால் நிற்காது. ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்தில் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பின்னால் வெட்டுவது கடினம். ஒரு எழுத்தும் படிக்காத மனிதர் ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த மயிரிழையைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறார். கிட்டப்பார்வை தேவையில்லாத வேலையா இது?

இனி அஸ்ஸாமுக்கு வருகிறேன். அங்குள்ள ஒரு பெரிய தேயிலைக் கம்பெனியின் தோட்டங்களில் 2017ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை நடந்தது. டாக்டர் நேதன் காங்டனும் அவர் கூட்டத்தாரும் செய்தது. 2018இல் லான்செட் மருத்துவ ஏடுகளில் ஒன்றில் வெளிவந்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதான, வெள்ளெழுத்து உள்ள 751 கொழுந்து பறிப்பவர்களைச் சேர்த்தார்கள். சீட்டுப் போட்டதுபோல இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே இலவசக் கண்ணாடி. மறு பாதிக்குப் பரிசோதனை முடிந்தபின் கண்ணாடி. பதினோரு வாரம், ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடையைப் பார்த்தார்கள்.

கண்ணாடி போட்டவர்கள் நாளுக்கு 25 கிலோ பறித்துக்கொண்டிருந்தவர்கள், ஏறக்குறைய 35 கிலோவுக்கு வந்தார்கள். பத்துக் கிலோ ஏற்றம்! நம் ஊர் முகாம்காரராக இருந்தால் அத்தோடு நிறுத்திப் பத்திரிகைக்குப் படம் கொடுத்திருப்பார். ஆனால் கண்ணாடி இல்லாத பாதியும் 26 கிலோவிலிருந்து முப்பதரைக் கிலோவுக்கு ஏறியிருந்தது. எப்படி? பருவம். கொழுந்து செழித்த மாதங்களில் யார் பறித்தாலும் எடை கூடும். பருவம் கொடுத்ததைக் கழித்த பின், கண்ணாடி கொடுத்தது நாளுக்கு ஐந்தேகால் கிலோ. நூற்றுக்குச் சுமார் 22 பங்கு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 30 பங்குக்கும் மேல். கண்ணாடியைக் கொண்டு சேர்க்கும் செலவெல்லாம் உட்பட ஒருவருக்குப் பத்து அமெரிக்க டாலர் சொச்சம்தான் ஆயிற்று.

அந்த மறு பாதி இல்லாவிட்டால், பருவத்தின் வேலையையும் கண்ணாடியின் கணக்கில் எழுதியிருப்பார்கள். நமக்கும் இதே தொல்லை உண்டு. இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழை பிடித்தால் வெட்டே இல்லை. கிழட்டு மரமும் இளமரமும் ஒன்றல்ல. இலையுதிர்வில் கண்ணாடி கொடுத்துவிட்டு, துளிர் விட்டுப் பால் ஏறியதும் "பார், கண்ணாடியின் மகிமை" என்றால் அது கணக்காகுமா? நிரை நிரையாகச் சீட்டுப் போட்டு, சிலருக்கு இன்று, மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்து என்று கொடுத்தால் உண்மை தெரியும். எடை மட்டும் போதாது. வெட்டுச் சோதனையில் மரக்காயத்தை எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். என் பெரியம்மாவைப் புல் வேலைக்கு அனுப்பியது அந்தக் கணக்குத்தான்.

இன்னொன்றும் அஸ்ஸாமில் கவனித்தார்கள்: கொடுத்ததைப் போடுகிறார்களா? முடிவில் நூற்றுக்கு 84 பேருக்கு மேல் போட்டிருந்தார்கள். நம் வேலையில் இது அவ்வளவு சுலபமல்ல என்று நினைக்கிறேன். வியர்வையில் வழுக்கும், பனியில் மூடிக்கொள்ளும். தவிர, வெட்டுக்குக் கண்ணாடி வேண்டும். அடுத்த மரத்துக்கு நடக்கும்போது அதே கண்ணாடியில் தரை மங்கலாகத் தெரியும், வேரில் இடறும். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, வெட்டும்போது ஏற்றி, நடக்கும்போது இறக்க வேண்டும். இதைக் கொடுப்பவர் சொல்லித் தராவிட்டால், ஒரு வாரத்தில் அது சாமி படத்துக்குத்தான் போகும். செம்பனைக் குலை வெட்டும் தோழருக்கோ இந்தக் கண்ணாடி உதவாது. அவர் அண்ணாந்து பார்ப்பது தூரம். அவருக்கும் ஒன்று கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுவது ஏமாற்று.

இனி அடிமடிக்கு வருவோம். ஐந்தேகால் கிலோ கூடியது சரி. அந்தக் கூடுதலில் தொழிலாளிக்கு வந்தது எவ்வளவு? தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு ஒரு குறியளவு உண்டு. அதற்கு மேல் பறிப்பதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. அஸ்ஸாம் பரிசோதனை முதன்மையாக அளந்தது கொழுந்தை. நம் சங்கத்துக்கு வேண்டியது சம்பளச் சீட்டு.

அந்த வழியில் அளந்ததும் உண்டு. வங்காள தேசத்துக் கிராமங்களில் 35 முதல் 65 வயது வரையுள்ள 824 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2024இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கண்ணாடி கொடுத்து எட்டு மாதம் கழித்து வருமானத்தைக் கேட்டார்கள். இரு பக்கமும் நடுவில் நிற்பவரின் மாத வருமானம் முதலில் 35 டாலர் சொச்சம். கண்ணாடி பெற்றவர்களிடம் அது 47 டாலராயிற்று, மற்றவர்களிடம் அப்படியே நின்றது. அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மையோர் என்பதை அந்த அம்மாளிடம் நான் சொல்ல வேண்டும்.

ஆனால் கிராமத்துத் தையற்காரர் கூடுதலாகத் தைத்தால் காசு அவர் கைக்கு வரும். தோட்டத்தில் அப்படியா? கண் தெளிந்து எல்லாரும் கூடுதலாகப் பால் கொண்டுவந்தால், ஆறு மாதத்தில் "இதுதான் இனி சாதாரண அளவு" என்று குறியளவை உயர்த்தும் யோசனை வரும். பத்து டாலர் கண்ணாடியைத் தானமாகக் கொடுத்துவிட்டு, ஆண்டு முழுவதும் அதன் பலனை ஆபீஸ் அறுவடை செய்யலாம். ஆகையால் கண்ணாடித் திட்டம் எந்தத் தோட்டத்துக்கு வந்தாலும், குறியளவும் கிலோக் காசும் அதைக் காரணமாகக் காட்டி மாற்றப்படமாட்டா என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு படம் பிடிக்கட்டும்.

இதைவிட எனக்குப் பெரிய அச்சம் வேறொன்று. சோதனைக்கு நாற்பது வயதுக்காரர் ஏன் வர மறுக்கிறார்? கண் மங்கல் என்று பெயருக்கு நேரே எழுதிவிட்டால், நாளைக்கு ஆட்குறைப்புக்கு அந்தப் பட்டியலே போதும் என்று பயப்படுகிறார். பயம் நியாயமானது. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வெள்ளெழுத்து நாற்பதில் தொடங்குகிறது. ஆக, இருபது ஆண்டுகள் இந்தக் கண்ணோடுதான் ஒருவர் வேலை செய்தாக வேண்டும். யாருக்கு என்ன எண் என்பது டாக்டருக்கும் அவருக்கும் இடையே நிற்க வேண்டும். ஆபீசுக்குப் போக வேண்டியது மொத்தத் தொகை மட்டுமே.

வேகமாக இரண்டு சொல்லி முடிக்கிறேன். கண்ணாடியால் தெளியாத கண்ணும் உண்டு: புரை விழுந்தது, இனிப்பு நீரால் கெட்டது. அவர்களைக் கண்ணாடியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது தீங்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களா என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும். அடுத்து, இன்று நிரையில் நிற்பவர்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். அவர்களுக்கும் வயது நாற்பது ஆகத்தான் செய்கிறது. பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்னால் இருக்கும் மேசைக்கு நாற்பதைத் தாண்டியவர்கள் வாருங்கள். ஊசியும் நூலும் வைத்திருக்கிறோம். எழுத்துத் தெரியாதவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயரும் வேலையும் எழுதிக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து வீடு தேடி வந்து, கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்; சம்பளச் சீட்டையும் கேட்போம், அதனால் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஏடு சங்கத்துப் பெட்டியில் பூட்டியிருக்கும்.