உயர்கூரை விளக்குகளும் தொழிலாளர் பாதுகாப்பும்

(தொழிற்பயிற்சி மாணவர்களும் பொதுத்துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மின்பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



தொழிற்சாலையைப் பார்வையிட வருவோர் எந்திரங்களைப் பார்க்கிறார்கள். உற்பத்தி எவ்வளவு என்று கேட்கிறார்கள். அண்ணாந்து நோக்கி, அங்கே தொங்கும் விளக்குகளை யார் மாட்டினார்கள், எதன்மீது ஏறி மாட்டினார்கள் என்று கேட்பவர் அரியர். அந்தக் கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய இடங்களில் எஃகு ஆலைகள் எழுந்தன. கனரக எந்திர ஆலைகள், மின்நிலையங்கள், ரயில்வே பணிமனைகள் எனப் பெருங்கூடங்கள் நாடெங்கும் பெருகின. கூரைக்கு அடியில் கிரேன் ஓடவேண்டும் என்பதால் இக்கூடங்களின் கூரை பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில் அமைகிறது. தரையிலிருந்து ஏறத்தாழ ஆறு மீட்டருக்கு மேல் தொங்கவிடப்படும் விளக்குகளையே 'ஹைபே' விளக்குகள், அதாவது உயர்கூரை விளக்குகள் என்கிறோம்.

ஒரு விளக்கின் தொலைவு இரு மடங்கானால் அது தரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே உயர்ந்த கூரைக்கு ஆற்றல் மிக்க விளக்கும், ஒளியைக் கீழ்நோக்கித் திரட்டித் தரும் பிரதிபலிப்பானும் தேவைப்படுகின்றன. பல்லாண்டுகளாக 250 வாட், 400 வாட் பாதரச ஆவி விளக்குகள் இப்பணியைச் செய்துவந்தன. பின்னர் சோடியம் ஆவி விளக்குகளும், மெட்டல் ஹாலைடு விளக்குகளும் வந்தன. இன்று ஏறக்குறைய 150 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, பழைய 400 வாட் விளக்கின் வேலையைச் செய்துவிடுகிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுறுதி செய்திருக்கிறது. எனவே பழைய விளக்குகளை மாற்றுவது மின்சாரச் சிக்கனத்திற்கும் சுற்றுச்சூழலுக்கும் உகந்த செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு மனிதர் மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு விபத்தும் ஓர் அறிக்கையும்

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். அது எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கூடம். விளக்குகள் எட்டு மீட்டர் உயரத்தில் இருந்தன. ஒரு விளக்கு எரியவில்லை. இரவுப் பணி தொடங்குமுன் அதை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம். ஒப்பந்தக்காரரிடம் உதவியாளராக இருந்த இளைஞர் ஒருவர், கொண்டுவந்த ஏணி எட்டாமற்போகவே, கிரேன் ஓடும் உத்தரத்தின்மீது ஏறி நின்றார். அந்த விளக்கின் சுவிட்சு அணைக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் எட்டிப் பிடித்தபோது அவர் கை பட்டது பக்கத்து விளக்கின் இணைப்புப் பெட்டியில். அதற்கு மின்சாரம் வேறொரு முனையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதிர்ச்சி சிறியதே. தரையில் நின்றிருந்தால் கையை உதறிக்கொண்டு அப்பால் சென்றிருப்பார். மேலே அவர் பிடி நழுவிற்று. எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல், ஒன்றேகால் விநாடியில், மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைகிறது. அவர் பிழைக்கவில்லை.

விசாரணை அறிக்கையில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். சில மாதங்கள் கழித்து வேறொரு காரணத்திற்காக அந்தப் பணியின் மதிப்பீட்டைப் புரட்டிப் பார்த்தேன். விளக்குக்கு ஒரு வரி, சோக்குக்கு ஒரு வரி, சங்கிலிக்கும் கம்பிக்கும் தனித்தனி வரிகள் இருந்தன. எட்டு மீட்டர் உயரத்திற்கு ஒரு மனிதர் எவ்வாறு ஏறுவார் என்பதற்கு மட்டும் வரி இல்லை. 'கவனக்குறைவு' என்ற சொல் உண்மையில் யாரைக் குறிக்கவேண்டும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அறிக்கையைத் திருத்துவதற்குக் காலம் கடந்துவிட்டிருந்தது.

மேலே செய்வதைக் கீழே செய்க

உயரத்தில் செய்யும் வேலையின் முதல் விதி, அந்த வேலையை இயன்ற மட்டும் தரையிலேயே முடித்துவிடுவது. விளக்கு, பிரதிபலிப்பான், கண்ணாடி, கொக்கி, மூன்று இழைகள் கொண்ட நெகிழ்கம்பி ஆகிய அனைத்தையும் கீழே பொருத்தி, எரியவிட்டுச் சோதித்த பின்னரே மேலே ஏற்றவேண்டும். கூரையில் பிளக்கும் சாக்கெட்டும் அமைத்துவிட்டால், பிற்காலத்தில் பழுதான விளக்கைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து சீராக்கலாம். திருகாணியைத் தேடியபடி ஒருவர் உயரத்தில் அரைமணி நேரம் நிற்க வேண்டியதில்லை.

விளக்கைத் தாங்கும் உறுப்பு எது என்பதையும் கீழேயே தீர்மானிக்க வேண்டும். கூரைத் தகட்டிலோ, தண்ணீர்க் குழாயிலோ, காற்றுக் குழாயிலோ விளக்கைத் தொங்கவிடலாகாது. கட்டடத்தின் எஃகுச் சட்டமே அதற்கு உரியது. திறந்த கொக்கியைவிடத் திருகி மூடும் வளையம் மேலானது. கிரேன் ஓடும் கூடத்தில் அதிர்வு ஓய்வதில்லை. அதனால் மரைகள் நாளடைவில் தளரும். ஆகவே பூட்டு மரை இடவேண்டும். அத்துடன் முதன்மைச் சங்கிலி அறுந்தாலும் விளக்கைத் தாங்கிக்கொள்ளும் மெல்லிய எஃகுக் கயிறு ஒன்றை, வேறொரு பிடிமானத்தில் தனியே கட்டவேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. இது காப்பது கீழே வேலை செய்பவரின் தலையை.

மின்சாரத்தை நிறுத்துதல்

நான் சொன்ன விபத்தில் பக்கத்து விளக்குக்கு வேறு முனையிலிருந்து மின்சாரம் வந்தது ஏன்? அது பிழையன்று; நன்மை கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு. 50 சுற்று மாறுமின்சாரத்தில் இயங்கும் ஆவி விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அந்த ஒளியில், வேகமாகச் சுழலும் சக்கரம் நின்றுவிட்டதுபோல் தோன்றக்கூடும். நின்றுவிட்டதென்று நம்பிக் கை வைப்பவர் கையை இழப்பார். அடுத்தடுத்த விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைத்தால் இந்த மாயத்தோற்றம் பெரிதும் குறைகிறது. எந்திரத்தின் அருகில் நிற்பவரைக் காக்கும் இந்த ஏற்பாடே, கூரையில் ஏறுபவருக்கு ஆபத்தாக முடியலாம். பக்கத்து விளக்கு உயிருடன் இருக்கும். இரு விளக்குகளின் முனைக் கம்பிகளுக்கிடையே 400 வோல்ட் அளவு மின்னழுத்தமும் இருக்கும்.

எனவே சுவிட்சை அணைப்பது போதாது. அந்தப் பகுதிக்குரிய எல்லா முனைகளையும் பகிர்மானப் பலகையிலேயே துண்டித்துப் பூட்டவேண்டும். சாவி, மேலே ஏறுபவரின் சட்டைப்பையில் இருக்கவேண்டும். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற அட்டை தொங்கவேண்டும். மின்சாரம் இல்லையென்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்யவேண்டும். அக்கருவி பழுதின்றி இருக்கிறதா என்பதை, மின்சாரமுள்ள வேறோர் இடத்தில் சோதனைக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய விளக்குகளின் மின்தேக்கி, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கும். அதை இறக்காமல் தொடக்கூடாது. சோடியம் விளக்கைப் பற்றவைக்கும் இக்னைட்டர், சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை எழுப்பவல்லது. பழைய விளக்கின் இடத்தில் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தும்போது சோக்கையும் இக்னைட்டரையும் சுற்றிலிருந்து முற்றிலும் நீக்கிவிட வேண்டும்.

நியூட்ரல் கம்பியைச் சிறியதாகப் போட்டுச் சிக்கனம் செய்வதும் தவறு. மூன்று முனைகளுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால், சில விளக்குகளின்மீது அளவுக்கு மீறிய மின்னழுத்தம் பாய்ந்து அவற்றை எரித்துவிடும். ஒவ்வொரு விளக்கின் உலோக உடலும் எர்த் கம்பியுடன் இணைக்கப்பட வேண்டும். தொங்கும் சங்கிலியை எர்த்தாகக் கருதக்கூடாது.

கிரேனை ஓட்டுநரிடம் சொல்லி நிறுத்திவிட்டால் போதுமென்று எண்ணுவது மற்றொரு பிழை. உணவு இடைவேளைக்குப் பின் வேறோர் ஓட்டுநர் வந்து அதை இயக்கக்கூடும். கிரேனுக்கு மின்சாரம் தரும் கம்பிகள் பல இடங்களில் காப்பின்றி ஓடுகின்றன. கிரேனின் முதன்மைச் சுவிட்சையும் துண்டித்துப் பூட்டிய பின்னரே மேலே செல்ல அனுமதி தரவேண்டும்.

ஏறும் வழி

தூக்குமேடை வண்டி கிடைக்குமானால் அதுவே சிறந்தது. அடுத்தது, சக்கரம் பொருத்திய சாரம். அதன் உயரம், அடித்தளத்தின் குறுகிய பக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மிகாமல் இருத்தல் நலம். ஆள் மேலே நிற்கும்போது சாரத்தைத் தள்ளிக்கொண்டு போவது பல ஆலைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதை அறவே நிறுத்தவேண்டும். ஏணி கடைசி வழி. நான்கு மீட்டர் உயரத்திற்கு ஒரு மீட்டர் என்ற அளவில் அடி விலகி நிற்க, மேற்பகுதி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

கூரையின் வெளிப்புறமாகச் செல்வோர்க்குத் தனி எச்சரிக்கை: கல்நார் சிமெண்டுத் தகடு மனிதரின் எடையைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. வெயிலிலும் மழையிலும் நொய்ந்த தகடு முன்னறிவிப்பின்றி உடையும். தாங்குசட்டங்களின் குறுக்கே பலகை இட்டு, அதன்மீதே நடக்கவேண்டும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பட்டையைவிட உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புக் கச்சையே ஏற்றது. அதன் கொக்கி தலைக்கு மேலே, உறுதியான எஃகுச் சட்டத்தில் மாட்டப்பட வேண்டும். இடம் மாறும்போதும் ஒரு கொக்கி எப்போதும் பிடித்திருக்க, இரண்டு கொக்கிகள் வேண்டும். கச்சையில் தொங்கும் ஒருவரை விரைவில் இறக்காவிட்டால், இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவர் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே யார், எதைக்கொண்டு, எப்படி இறக்குவது என்பது ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கருவிகளைக் கயிற்றில் கட்டிவைத்துக்கொள்வதும், கீழே வேலியிட்டு யாரையும் நடமாட விடாதிருப்பதும் இன்றியமையாதவை.

கழற்றிய பழைய விளக்குகளைக் குப்பையில் எறியலாகாது. உடைந்தால் பாதரசம் வெளியேறும். அவற்றை முழுமையாகச் சேர்த்து, உரிய முறையில் அகற்ற ஒப்படைக்க வேண்டும்.

அலுவலரின் பேனா

விதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 17ஆம் பிரிவில் போதிய வெளிச்சத்தையும், 32ஆம் பிரிவில் பணியிடத்திற்குப் பாதுகாப்பாகச் செல்லும் வழியையும் வலியுறுத்திற்று. அச்சட்டம் உள்ளிட்ட பதின்மூன்று சட்டங்களை ஒன்றிணைத்து, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் 2010இலும், பின்னர் 2023இலும் வந்தன. மின்கம்பி வேலைக்கு ஐ.எஸ். 732, எர்த் அமைப்புக்கு ஐ.எஸ். 3043, சாரத்திற்கும் ஏணிக்கும் ஐ.எஸ். 3696 என இந்தியத் தரநிர்ணயங்களும் உள்ளன. 1966இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்ட மார்ச் 4ஆம் நாளை ஆண்டுதோறும் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடியும் வருகிறோம்.

குறை எங்கே இருக்கிறது? மதிப்பீட்டில் இருக்கிறது. சாரத்தின் செலவை 'இதர செலவு' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டால், குறைந்த விலை கூறி ஒப்பந்தம் பெறுபவர் அந்த இடத்தில்தான் கைவைப்பார். விளக்கின் விலையைக் குறைக்க அவரால் இயலாது. சாரத்தைக் கைவிட இயலும். ஆகவே ஏறும் வழி, பாதுகாப்புக் கச்சை, மீட்பு ஏற்பாடு ஆகியவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளியில் தனி வரி வேண்டும். போட்டி விலைக்கு உட்படாத தொகையாக அது இருத்தல் நலம். மேலும், ஒரு விளக்கு அணையும்தோறும் ஒருவரை ஏற்றாமல், வரிசை வரிசையாக ஒரே முறையில் மாற்றத் திட்டமிட்டால், ஒரு சாரமே அத்தனைக்கும் போதும். செலவும் குறையும், ஏறும் தடவைகளும் குறையும்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் ஒருவரிடம், "ஒரே ஒரு விளக்குதான், ஐந்து நிமிட வேலை" என்று யாராவது சொல்லக்கூடும். பூட்டு எங்கே, சாவி எங்கே, சாரம் எங்கே என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை ஏறாதீர்கள். அது கீழ்ப்படியாமை அன்று, தொழில் அறிவு. அலுவலர் பெருமக்களே, அந்த இளைஞர் அவ்வாறு கேட்கும்போது அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அன்று அந்தக் கூடத்தில் அப்படிக் கேட்கும் துணிவை நாங்கள் யாருக்கும் தந்திருக்கவில்லை.