மயிற்பொறியும் ஜீனோவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இக்கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் புதுமைப்பித்தன் பிறந்தார். மஞ்சக்குப்பத்தில் 1934இல் ஜெயகாந்தன் பிறந்தார். இவ்விருவரின் இடம் குறித்து இன்று எவருக்கும் ஐயமில்லை. இடம் இன்னும் உறுதிப்படாத ஒருவரைப் பற்றிப் பேச விழைகிறேன். சுஜாதாவின் (1935-2008) சிறுகதைகளைப் போற்றும் திறனாய்வாளர் பலர், அவருடைய அறிவியல் புனைகதைகளுக்கு வந்ததும் மௌனமாகிவிடுகின்றனர்.

ஆய்வு மாணவியாக இருந்த நாளில் இத்தலைப்பை நான் முன்வைத்தேன். “வாரப் பத்திரிகைத் தொடரில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது?” என்றார் பெரியவர் ஒருவர். வேறு தலைப்புக்கு மாறினேன். அன்று சொல்லாத விடை இன்றும் உறுத்துகிறது.

சிதம்பரத்தில் சீவக சிந்தாமணியை நடத்தும்போதெல்லாம் மயிற்பொறியில் சற்று நின்றுவிடுவேன். கருவுற்ற விசயையைச் சுமந்து பறந்த அப்பொறி, அவள் மயங்கியதும் சுடுகாட்டில் இறங்குகிறது. செலுத்தும் கை சோர்ந்தால் பொறியும் சோரும். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயோ நூல்களைப் படிக்கிறது, தானே சிந்திக்கிறது. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய நாட்டில், மனிதர் கேட்க அஞ்சும் கேள்விகளை ஓர் இயந்திரம் கேட்கிறது. பொறியியலாளராகப் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர் அவர். ஆயினும் கருவியின் வியப்பைக் காட்டிலும் அதிகாரத்தின் பொய்முகமே அவருக்கு முதன்மையாகப்பட்டது. முன்னதற்குக் காப்பியத் தகுதி தந்தோம். பின்னதற்கு ஏன் தயக்கம்?

குறையும் உண்டு. வாரந்தோறும் ஒரு திடுக்கிடலில் நிறுத்தவேண்டிய கட்டாயம் கதையின் ஆழத்தைக் குறைத்திருக்கிறது. இறுதிப் பகுதியில் அவசரம் தெரிகிறது. மலிவு இதழ்களில் வளர்ந்த அமெரிக்க அறிவியல் புனைகதைக்கும் இப்பழி இருந்தது. எனினும் அந்நாட்டின் தேசியப் புத்தக அறக்கட்டளை 2000இல் ரே பிராட்பரிக்கும் 2014இல் உர்சுலா லெ குவினுக்கும் தன் உயரிய பதக்கத்தை அளித்தது. சுஜாதாவுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிட்டவில்லை. அதனினும் என்னை வருத்துவது, அவரை மறுப்பவர்கள்கூடப் படித்துவிட்டு மறுக்காததே.

ஜீனோவைப் பற்றி ஆய்வு செய்ய இவ்வாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்திருக்கிறாள். ஆனந்த விகடனில் வந்த அத்தொடரைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருப்போர் இவ்வவையில் இருந்தால், அருள்கூர்ந்து அவளுக்குத் தந்துதவ வேண்டுகிறேன்.